எங்க வீட்டுக்காரர் முன்னாடியே சிரிச்சிடறாரு

1. நான்காவது புகார்

"நெட்டு வரல." "சுத்துது." "சேப்பு லைட்டு எரியுது." எங்கள் தொழிலில் புகார் என்றால் இந்த மூன்றுதான். நெட்டு வந்த நாளிலிருந்து ஆள் மாறும், ஊர் மாறும், புகார் மாறாது. நான்காவதாக ஒன்று உண்டு என்பதை ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத்தான் தெரிந்துகொண்டேன். காணைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"நெட்டு ஆபீஸ்ங்களா? செல்வி பேசறேன். எங்க வீட்டுக்காரரு எனக்கு முன்னாடியே சிரிச்சிடறாருங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

நான் மறுபடியும் கேட்டேன். அதையே மறுபடியும் சொன்னார். அவர் சிரிப்பதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன்.

"உங்க நெட்டாலதான் சிரிக்கறாரு. நேர்ல வாங்க, சொல்றேன்."

என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். திண்டிவனத்தில் மொட்டைமாடி மொட்டைமாடியாகக் கேபிள் டிவி வயர் இழுத்துத் தொழில் கற்றவன். ஜனங்கள் கேபிளை விட்டுவிட்டு நெட்டில் படம் பார்க்க ஆரம்பித்ததும் நானும் வயரை விட்டுவிட்டுக் கண்ணாடி இழைக்கு மாறினேன். ஃபைபர் என்கிறோமே, அதுதான்: முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை, அதன் வழியாக வெளிச்சம் போகும், அந்த வெளிச்சத்தில்தான் நாடகம், கிரிக்கெட்டு, சினிமா எல்லாம் வரும். வீடு இன்னும் திண்டிவனத்தில்தான். தினமும் பஸ் பிடித்து விழுப்புரம் ஆபீஸுக்கு வந்து, விழுப்புரத்திலிருந்து காணை வரைக்கும் உள்ள லைன்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். இதில் வருகிற தப்பு என்னுடையது என்பதால் தைரியமாக எழுதலாம்.

இந்த வேலையில் சம்பளத்தைத் தாண்டி எனக்குப் பிடித்தது ஜனங்கள் பேசுகிற பேச்சு. டிவியில் படம் நின்றுபோய் நடுவில் வட்டம் சுற்றுகிறதே, அதற்கு நான் இதுவரை வேலை பார்த்த பகுதிகளில் ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வானூரில் ஒரு கொத்தனார், "உங்க பம்பரம் நேத்தும் வந்துச்சு" என்பார். செஞ்சிப் பக்கத்து ஜெயின் வியாபாரி ஒருவர் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அவர் சொன்னார்: "நாங்க சாப்ட்டு முடிச்சிட்டு உக்கார்றோம். அப்போதான் உங்க நெட்டு சாப்பிட உக்காருது." மண்டகப்பட்டில் ஒரு டீச்சரம்மா குறை சொல்லவே மாட்டார். "இன்னிக்கு நல்லா ரெஸ்ட் எடுத்துச்சுங்க உங்க நெட்டு" என்பார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கும்.

ஆனால் இவர்கள் யாரும் வட்டம் சுற்றினால் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அதற்குள் படம் ஓட ஆரம்பித்திருக்கும். செல்வி வீட்டில் மட்டும் அப்படி முடியாது. ஏன் என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது.

2. ஒன்னு, ரெண்டு, மூணு

செல்விக்கு முப்பது வயதிருக்கும். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். கணவர் ஏழுமலை சிங்கப்பூரில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை செய்கிறார். அடுத்த வீடு ஏழுமலையின் அக்கா அஞ்சலையுடையது. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்கூடக் கிடையாது.

சாயந்திரம் ஏழு மணிக்கு இங்கே செல்வி மெஷினை மூடிவிட்டு டிவி முன்னால் உட்காருவார். அங்கே அப்போது ஒன்பதரை. ஏழுமலை சாப்பிட்டுவிட்டுத் தங்கியிருக்கும் அறையின் கட்டிலில் போனோடு உட்காருவார். மாமனாரும் மருமகனும் ஒரே ஸ்கூட்டருக்கு அடித்துக்கொள்கிற ஒரு சிரிப்புத் தொடர், நெட்டில் மட்டும்தான் வருகிறது. அதை ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்ப்பார்கள். போனில் பேசிக்கொண்டே, எபிசோடைத் தொடக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, செல்வி "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். மூன்றுக்கு ரெண்டு பேரும் பட்டனை அமுக்குவார்கள். பிறகு இருபத்தைந்து நிமிஷம் பேச்சே கிடையாது. போன் ஸ்பீக்கரில் திறந்தே கிடக்கும். அவர் சிரிப்பது இவருக்குக் கேட்கும், இவர் சிரிப்பது அவருக்குக் கேட்கும். அவ்வளவுதான்.

"பேச ஆரம்பிச்சா வீட்டுக் கதை, கடன் கதைன்னு எங்கெங்கியோ போவுதுங்க. இதுன்னா அவரு பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கற மாதிரி இருக்கு" என்றார் செல்வி.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர்கள் ஒன்றாக ஒரே வீட்டில் இருந்தது பத்து மாதம். மீதி எல்லாம் இந்த இருபத்தைந்து நிமிஷம்தான்.

இப்போது புகாரைப் பாருங்கள். போன் ஓடுவது செல்வியின் சிம் நெட்டில். டிவி ஓடுவது எங்கள் நெட்டில். டிவியில் வட்டம் ஒரு முறை சுற்றினால் செல்வி ஐந்து செகண்டு பின்தங்குவார். மூன்று முறை சுற்றினால் கால் நிமிஷம். போனில் அவர் சிரிப்பது முதலில் வந்துவிடும். இங்கே டிவியில் மாமனார் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார்.

"அவரு சிரிச்சதும் எனக்குத் தெரிஞ்சி போவுது, ஏதோ வரப்போவுதுன்னு. அப்புறம் அது வர்றப்ப எனக்கு சிரிப்பு வரல. அவரு கேக்கறாரு, இன்னா கம்முனு கீறே, கோவமான்னு."

இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு அளவுகோலை நான் பார்த்ததில்லை. நாங்கள் மீட்டரில் பார்ப்பதை அவர் காதாலேயே கண்டுபிடித்திருந்தார்.

3. என் வாயில் வந்த வார்த்தை

நான் போனது காலை பத்து மணிக்கு. என் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். பிரமாதமாக வந்தது. காலை பத்து மணிக்கு எந்த லைனும் பிரமாதமாகத்தான் வரும். அதைக்கூட யோசிக்கவில்லை. அன்றைக்கு விழுப்புரத்தில் இன்னும் நாலு புகார் காத்துக்கொண்டிருந்தது. ஜல்தியாக முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பவர் மீட்டர் ஆபீஸ் வண்டியின் பெட்டியில் இருந்தது. வீட்டு வைஃபை பாக்ஸுக்கு வருகிற வெளிச்சம் எவ்வளவு என்று அளக்கும் சின்னக் கருவி. இறங்கிப்போய் எடுத்துவரச் சோம்பல். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்றாவது கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. பாக்ஸின் செட்டிங்கைத் திறந்து, அந்த வைஃபையில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். டிவி, அதோடு ரெண்டு போன். அந்த ரெண்டும் யாருடையவை என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அப்போது ஒரு வார்த்தை சொன்னேன்.

"யாரோ உங்க லைனைப் புடிச்சிக்கினு இருக்காங்க போலம்மா. அதான் சுத்துது."

'போல' என்றுதான் சொன்னேன். எனக்கு அது வெறும் யூகம். ஆனால் கையில் கருவிப் பை, கழுத்தில் அடையாள அட்டை, பாக்ஸையே திறந்து உள்ளே பார்த்துவிட்டுப் பேசுகிறவன் சொன்னால், கேட்கிறவர் காதில் 'போல' விழாது. நானே புது பாஸ்வேர்டு போட்டுக்கொடுத்தேன். இனிமேல் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று புத்தியும் சொன்னேன். கேப்பைக் கூழ் கொடுத்தார். குடித்துவிட்டு, புகாரை முடித்ததாகப் பதிந்துவிட்டு வந்துவிட்டேன்.

4. லைனை வெட்டச் சொன்னார்

எட்டு நாள் கழித்து செல்வியிடமிருந்து போன். குரல் மாறியிருந்தது.

"லைனை கட் பண்ணிடுங்கண்ணா."

ஒருவர் லைனை வெட்டச் சொன்னால் காரணம் கேட்டு எழுத வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் விதி. வேறு கம்பெனி மாறுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தியது. அன்றைக்கு மத்தியானமே போனேன்.

நடந்தது இது. பட்டியலில் இருந்த அந்த ரெண்டு போனும் அடுத்த வீட்டு அஞ்சலையுடையதும் அவருடைய மகளுடையதும். திருடவெல்லாம் இல்லை. ஏழுமலை போன தடவை ஊருக்கு வந்தபோது அவரே அக்காவின் போனில் பாஸ்வேர்டைப் போட்டுக்கொடுத்திருக்கிறார். செல்வியிடம் சொல்ல மறந்துவிட்டார். நான் பாஸ்வேர்டை மாற்றிய அன்று சாயந்திரம் அஞ்சலை வந்து, நெட்டு வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். செல்வி, நெட்டுக்காரர் வந்து பார்த்ததையும், யாரோ லைனைப் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னதையும் சொல்லி, "நீங்கதானா அண்ணி அது?" என்று கேட்டிருக்கிறார். அத்தோடு அஞ்சலை இந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

சண்டை அங்கேயும் நிற்கவில்லை. அது சிங்கப்பூர் போனது. என் அக்காவுக்கு நான் கொடுத்ததை வெட்ட நீ யார் என்று ஏழுமலை கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல் ஏன் கொடுத்தீர்கள் என்று செல்வி கேட்டிருக்கிறார். ஏழு மணிக்குத் தொடர் போய் பஞ்சாயத்து வந்துவிட்டது. நாலு நாள் பஞ்சாயத்து. ஐந்தாம் நாளிலிருந்து ஏழு மணிக்கு போனே இல்லை. ஓவர்டைம் என்று ஒரு மெசேஜ் மட்டும் வருகிறதாம்.

"அவரோட சேந்து பாக்கறதுக்குத்தான் இந்த நெட்டு. அவரே பேசல. எனக்கு எதுக்கு?" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து ஒன்று கேட்டார்.

"அண்ணி போனை வெட்டியாச்சு. அதுக்கப்புறமும் நான் டிவி போட்டப்பல்லாம் சுத்திக்கினுதான் இருந்துச்சு. அப்போ அவங்க இல்லதானே? நீங்கதானே சொன்னீங்க?"

 லைனை வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சரியாகப் பார்த்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். இந்த முறை இறங்கிப்போய் மீட்டரை எடுத்துவந்தேன்.

5. சந்தனம்

தெருக் கம்பத்துப் பெட்டியில் அளந்தேன். மைனஸ் பத்தொன்பது. நல்ல வெளிச்சம். வீட்டுக்குள் சுவரில் லைன் வந்து முடிகிற இடத்தில் அளந்தேன். அங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். சுவரிலிருந்து பாக்ஸுக்குப் போகிறது ரெண்டு முழ மஞ்சள் வயர். பேட்ச் கார்டு என்போம். அதன் பாக்ஸ் பக்கத்து முனையைப் பிடுங்கி அளந்தேன். மைனஸ் இருபத்தெட்டு. இந்த எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். அந்த அளவில் லைன் செத்தும் போகாது, பிழைத்தும் இருக்காது. கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் தடுக்கும். ரெண்டு முழத்தில் அவ்வளவு வெளிச்சம் எங்கே போனது?

கார்டின் ரெண்டு முனையிலும் பச்சை நிறத்தில் ஒரு கனெக்டர் இருக்கும். அதன் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னக் குழல். அதன் நடுவில்தான் கண்ணாடி இழை. போன் கேமராவைப் பெரிதாக்கிச் சுவர்ப் பக்கத்து நுனியைப் பார்த்தேன். வெள்ளையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் தாளில் துடைத்தேன். தாளில் மஞ்சள் வந்தது. மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

 வைத்தது நான்தான்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸில் எல்லாக் கருவிகளையும் பலகையில் வரிசையாக வைப்போம். இழை ஒட்டுகிற மெஷின், மீட்டர், டிரில், கட்டர், சுவரில் சாய்த்த ஏணி. கழுவித் துடைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அன்றைக்குப் பத்துப் பேட்ச் கார்டு கொண்ட கட்டு ஒன்றும் இருந்தது. எல்லா முனைக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். மூடிக்குப் பொட்டு வைத்தால் அது மூடிக்குத்தானே போகும், வேலை செய்கிறது முனைதானே என்று எனக்குத் தோன்றியது. பத்துக்கும் வைக்கப் பொறுமை இல்லை. மேலே இருந்த ஒன்றின் மூடியைக் கழற்றி, மற்ற ஒன்பதின் சார்பாகவும் அதன் நுனியில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன். மறுநாள் துணியால் துடைத்து, மூடியைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். துணியால் துடைத்தால் கண்ணாடி முனை சுத்தமாகாது என்று பல பேருக்கு வகுப்பு எடுத்தவன் நான்.

அதே நாள் செல்வி வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். எலி பழைய கார்டைக் கடித்துவிட்டது. மாட்டிவிட்டு வந்தது இந்தக் கார்டைத்தான்; நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறதில், சிரிப்புப் புகாருக்கு வந்தபோதுகூட அது என் நினைவுக்கு வரவில்லை. மாட்டிய பிறகு அளக்கவில்லை. பச்சை லைட்டு எரிந்தது, போதும் என்று வந்துவிட்டேன். "பூஜை போட்ட கார்டும்மா, சூப்பரா ஓடும்" என்று வேறு சொல்லியிருக்கிறேன். வேலை தெரியாதவன் செய்கிற தப்பாக இருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். வேலையைக் கும்பிட்டதில் செய்த தப்பு இது.

பையிலிருந்து வேறு கார்டு எடுத்து, நுனியை முறையாகச் சுத்தம் செய்து மாட்டி அளந்தேன். மைனஸ் பத்தொன்பதரை. வேலை முடிந்தது.

செல்வி உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு வசனம் தயாராக இருக்கும்: "மேல லைன்ல ஃபால்ட்டும்மா, சரி பண்ணிட்டேன்." நானே நூறு தடவை சொல்லியிருப்பேன். சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. நெட்டு ஓடும். புகார் முடியும். ஆனால் 'மேலே' என்று சொல்லிவிட்டால் அஞ்சலையின் மேல் விழுந்த பேச்சு அப்படியே கிடக்கும். அதைப் போட்டவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

காபி வந்ததும் சொன்னேன். தாளையும் காட்டினேன். செல்வி அதை வாங்கி மோந்து பார்த்தார். 

"இத நீங்களே வந்து அண்ணிகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க" என்றார்.

6. மதில் இல்லாத வீடு

அஞ்சலை வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. என்னைப் பார்த்ததும் காலால் மல்லாட்டையைத் தள்ளிப் பரப்பிக்கொண்டே பேசினார்.

"வாங்க நெட்டுக்காரரே. இப்ப இன்னா, கரண்டையும் நான்தான் புடிச்சிக்கினு கீறனான்னு பாக்க வந்தீங்களா?"

தப்பு என் மேல் என்றேன். பழைய கார்டைக் கையில் கொடுத்து, நுனியைக் காட்டி, ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஊசி முனைக்கா சந்தனம் வெச்சீங்க?"

"ஆமாம்மா."

"ஏன், குங்குமம் வெக்கல?"

எனக்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பின்னால் நின்ற செல்விக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொள்வது கேட்டது. அஞ்சலை சிரிக்கவில்லை.

"நெட்டு போனா போவுதுங்க. நெட்டு இல்லாம எவ்ளோ வருசம் இருந்தோம். 'நீங்கதானா அண்ணி'ன்னு கேட்டா பாருங்க. நான் இன்னா ஆடா, அவ கொல்லையில பூந்து மேயறதுக்கு?"

"அப்படி நினைச்சு கேக்கல அண்ணி" என்றார் செல்வி.

"வேற எப்டி நினைச்சு கேட்ட?"

 நான் நடுவில் பேசினேன். யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னது நான், அளக்காமல் சொன்னேன், செல்வியம்மா என் பேச்சை நம்பியதைத் தவிர வேறு தப்பு செய்யவில்லை என்றேன். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கிட்ட சொன்னீங்க, சரி. எந்தம்பிகிட்ட சொல்லுவீங்களா?"

போனை எடுத்து அவரே வீடியோ கால் போட்டுவிட்டார். இங்கே நாலு மணி. அங்கே ஏழுமலை வேலை முடிந்து கம்பெனி வண்டியில் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட்டு. வண்டிச் சத்தத்தில் நான் கத்திக் கத்திச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் ஒரு வண்டி நிறைய ஆட்களுக்கு என் சந்தனக் கதை தெரிந்துபோயிற்று. ஏழுமலை முழுதும் கேட்டார். பிறகு நிதானமாக ஒன்று கேட்டார்.

"அண்ணா, நீங்க சொல்லாம வுட்டிருந்தா எங்களுக்கு தெரிஞ்சே இருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது தம்பி."

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி. ஏழு மணிக்கு வர்றேன்னு அவகிட்ட சொல்லுங்க."

"பக்கத்துலதான் நிக்கறாங்க. நீங்களே சொல்லுங்க" என்று போனைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, மல்லாட்டை நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

பாஸ்வேர்டு பாக்கி இருந்தது. அண்ணியே ஒன்று சொல்லட்டும், அதையே போடலாம் என்றார் செல்வி. அஞ்சலை யோசிக்காமல் தன் பசுமாட்டின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதினால் காணை ஊரே பிடித்துக்கொள்ளும்.

7. தெரியல

லைனைச் சரிபார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஏழு மணி வரைக்கும் இருந்தேன். அஞ்சலையும் வந்து உட்கார்ந்தார். செல்வி எண்ணினார். தொடர் ஓடியது. முதல் பத்து நிமிஷத்தில் வட்டம் ஒரு தடவைகூட வரவில்லை. மருமகன் ஸ்கூட்டர் சாவியைச் சாம்பாரில் தேடிக்கொண்டிருந்தான். செல்வி சிரித்தார். ஒரு இமைப்பொழுது கழித்துப் போனில் ஏழுமலை சிரித்தார். அடுத்ததற்கும் அப்படியே. அதற்கு அடுத்ததற்கும்.

"அண்ணா, இப்ப அவரு எனக்கு அப்புறம் சிரிக்கறாரு" என்றார் செல்வி.

"அவன் சின்னதுல இருந்தே அப்டித்தான். சொல்லி ரெண்டு நிமிசம் ஆவும் அவனுக்கு மண்டையில ஏர்றதுக்கு" என்றார் அஞ்சலை. அதற்குச் சிங்கப்பூரிலிருந்து உடனே ஒரு சத்தம் வந்தது.

சிரித்துவிட்டுச் செல்வி என் பக்கம் திரும்பினார். எதனால் இப்படி என்று கேட்டார். 'சிங்கப்பூர் பக்கம் லோடு அதிகம்' என்று வாய்வரைக்கும் வந்தது. அப்படி ஒன்றை நான் அளக்கவில்லை. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியலம்மா. யோசிச்சு சொல்றேன்."

திண்டிவனம் போகும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். மயிலம் தாண்டும்போது பிடிபட்டது. செல்வி "மூணு" என்று சொன்ன குரல் சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு சிட்டிகை நேரம் ஆகும். அவர் அமுக்குவது அந்தச் சிட்டிகை தாமதமாக. அவர் சிரிப்பு திரும்பி வர இன்னொரு சிட்டிகை. நெட்டில் கோளாறு இல்லை, தூரம்தான். மறுநாள் போன் செய்து, இனிமேல் அவரை எண்ணச் சொல்லுங்கள், உங்கள் காதுக்கு ரெண்டு சிரிப்பும் சேர்ந்து கேட்கும் என்றேன்.

"வேணாம்ணா. இப்டியே இருக்கட்டும். எனக்கு அப்புறம் அவரு சிரிச்சா, நான் சிரிச்சத கேட்டுட்டு சிரிக்கற மாதிரி இருக்கு" என்றார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, நுனியைச் சுத்தம் செய்வதும், மாட்டியதும் அளப்பதும் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்பதும் அதில் இருக்கும். இது அதில் இல்லை: ஒரு வீட்டுக்குள் நின்றுகொண்டு வாய்விட்டு யோசிக்காதீர்கள். நமக்கு அது யூகம். அவர்களுக்கு அது தீர்ப்பு, நாம் போன பிறகும் அந்த வீட்டில் இருக்கும். அளந்தால் சொல்லுங்கள். அளக்காததற்குத் தெரியல என்று சொல்லுங்கள். முதல் தடவை சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தெரியல என்று சொன்னதற்காக இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்னிடம் லைனை வெட்டச் சொன்னதில்லை.